லயத்துக்கும் ஒரு நினைவு இல்லம் வேண்டும்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (தாவரவியல்) மாணவி

பெரியோர் பிறந்த வீட்டையும் வாழ்ந்த வீட்டையும் பேணிக் காத்து வருவோர்க்குக் காட்டுவது நல்ல வழக்கம். எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த வீடு இருக்கிறது. ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சிதம்பரனாரின் இல்லம் இருக்கிறது. இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் அவர்களின் குடும்ப வீட்டு மாடி இன்று காட்சிக்கூடமாக விளங்குகிறது. பள்ளி நாட்களில் சுற்றுலா என்று புறப்பட்ட நம்மில் பலர் இவற்றில் ஒன்றையேனும் பார்த்திருப்போம். செருப்பை வாசலில் விட்டு, வரிசையில் நின்று, உள்ளே போய்ப் படங்களைப் பார்த்து, வெளியே வந்து முறுக்கு வாங்கித் தின்றிருப்போம்.

நானும் அப்படித்தான் பார்த்து வந்தேன். சென்ற தை மாதம் தரங்கம்பாடிக்குப் போய்வந்த பிறகு என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை. அதன் காரணத்தைச் சொல்லி, நம் போடிக்கும் நம் கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கருத்தில் பிழை இருப்பின் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

தரங்கம்பாடியில் கண்டது

எங்கள் துறையிலிருந்து பிச்சாவரத்து அலையாத்திக் காட்டைக் காணச் சென்றோம். சுரபுன்னையின் தாங்கு வேர்களைக் குறிப்பேட்டில் வரைந்து கொண்டு, மறுநாள் தெற்கே இறங்கித் தரங்கம்பாடிக்கு வந்தோம். மலையடிவாரத்துப் பிள்ளைகளாகிய எங்களில் பாதிப் பேர் அதற்கு முந்தைய நாள்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்திருந்தோம். ஆகவே பேருந்து நின்றதும் எல்லாரும் கடலுக்குத்தான் ஓடினார்கள். "முதலில் வீடுகள், பிறகு கடல்" என்று எங்கள் பேராசிரியர் திருப்பி அழைத்து வந்தார்.

தரங்கம்பாடி மிகச் சிறிய ஊர். 1792-இல் கட்டப்பட்ட நகர வாயிலுக்குள் நுழைந்து நேரே நடந்தால் சில நிமிடங்களில் கடல் வந்துவிடும். வணிகம் செய்ய வந்த டென்மார்க் நாட்டவர்க்கு 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் இவ்வூரை விட்டுக் கொடுத்தார். அவர்கள் கடலோரமாக ஒரு கோட்டை கட்டினார்கள். 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போகும் வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, ஊர் அவர்கள் கையில்தான் இருந்தது. கோட்டை இன்று மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். கோட்டையும் ஒரு காலத்தில் வீடுதான். மேல்தளத்தில் ஆளுநர் குடியிருந்தார். கீழ்த்தளத்தில் சரக்கறை, சமையலறை, சிப்பாய்கள் தங்கும் அறை, சிறை.

அங்கிருந்து சற்று நடந்தால் சீகன்பால்கு வாழ்ந்த வீடு. அதுவும் 2017 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. பர்த்தலோமேயு சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர் 1706 ஜூலை 9-ஆம் நாள் இவ்வூரில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்குகூட நிறையவில்லை. இறந்தபோது முப்பத்தாறு. இடைப்பட்ட காலத்தில் தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் முழுமையாக அச்சிட்டு முடித்தார். தமிழ் எழுத்தில் முதல் நூல் அதற்கு முன்பே, 1578-இல் கொல்லத்தில் அச்சாகிவிட்டது. ஆயினும் தமிழ் அச்சு ஓரிடத்தில் வேரூன்றித் தொடர்ந்து நடந்தது தரங்கம்பாடியில் என்று சொல்லலாம். ஆளுநரோடு ஏற்பட்ட பிணக்கால் 1708-இன் இறுதியில் இவரைச் சுமார் நான்கு மாதம் அதே கோட்டையில் சிறை வைத்தார்கள்.

என் மனத்தைத் தொட்டது அவர் தமிழ் கற்ற விதம். முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை அழைத்துத் தம் வீட்டிலேயே பள்ளியை நடத்தச் செய்தார். சிறுபிள்ளைகளோடு தாமும் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். அழகப்பன் என்ற தமிழர் ஒருவர் மொழிபெயர்ப்பாளராக இருந்து அவருக்கு வழிகாட்டினார். அக்காலத் தமிழர் எழுதிய கடிதங்கள் பல ஜெர்மன் மொழியாக்கத்தில் ஹாலே நகரத்துக்குச் சென்றன. அவற்றில் பெரும்பகுதி அழகப்பன் கைவண்ணம் என்பர்.

அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே நிற்கையில் எனக்கு ஒன்று தோன்றிற்று. இது சீகன்பால்குவின் வீடு என்று சொல்கிறோம். மணலில் விரலைப் பிடித்து எழுதிக் காட்டிய வாத்தியாரின் வீடு எது? அழகப்பன் எந்தத் தெருவில் குடியிருந்தார்? அடுப்படியில் யார் சோறு பொங்கினார்? கோட்டையின் கீழ்த்தளச் சமையலறையில் நின்றபோதும் இதே கேள்விதான் எழுந்தது. ஆளுநர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லலாம். விறகு சுமந்தவள் பெயரைச் சொல்ல ஆள் இல்லை.

தாவரவியல் மாணவர்க்கு இன்னொரு செய்தி. யோகான் கெரார்டு கோனிக் என்பவர் லின்னேயசிடம் பாடம் கேட்டவர். 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, இந்நாட்டுச் செடிகளை ஆராய்ந்தார். நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலையின் அறிவியற் பெயரில் 'கோனிகியை' என்று வருகிறதே, அது அவர் பெயர்தான். தகுதியுள்ளவர்க்குச் சூட்டிய பெயர், ஐயமில்லை. ஆனால் அந்த இலையை அவர் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே தாளித்துக் கொட்டிய கைகளின் பெயரை எந்தத் தாவரவியலும் எழுதி வைக்கவில்லை.

மாலையில் கடற்கரையில் அவித்த கடலை விற்ற ஓர் அம்மாவிடம் எங்கள் வகுப்புத் தோழி, "உங்க வீடு எதும்மா?" என்று கேட்டாள். "எங்க வீடு அலையில போயிடுச்சு. இப்ப இருக்கறது பின்னால கட்டிக் குடுத்தது" என்று சொல்லிவிட்டுக் கடலையை அளந்து போட்டார். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அவ்வூர் மீனவர் குப்பத்தில் எத்தனையோ உயிர்களைக் கொண்டு போயிற்று. எங்களுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஆளுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக் கொண்டோம்.

நான் மறைத்த வீடு

இனிச் சொல்லப் போவது எனக்குச் சற்றுக் கூச்சமான செய்தி.

முதலாண்டு வகுப்பில் எல்லாரும் எழுந்து தம்மை அறிமுகம் செய்துகொண்டோம். என் முறை வந்தபோது, "ஊர் போடி, பெற்றோர் விவசாயம்" என்று சொல்லி உட்கார்ந்து விட்டேன். விண்ணப்பத்தில் எழுதிய முகவரி தாய்மாமன் வீட்டு முகவரி. உண்மையில் நான் பிறந்தது போடிமெட்டுக்கு மேலே, கேரள எல்லைக்குள் இருக்கும் ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில். அம்மாச்சி இன்றும் அங்கேதான் இருக்கிறார். நான் பள்ளிக்கூடம் போகும் வயது வந்ததும் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போடிக்கு இறங்கி வந்தார். இன்றும் விடியுமுன் தூக்குச்சட்டியோடு ஜீப் ஏறி, பதினேழு கொண்டை ஊசி வளைவு கடந்து, மேலே போய்க் காய் எடுத்துவிட்டு இருட்டும் வேளையில் திரும்புகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

லயம் என்றால் அறியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே நீளக் கட்டடம். நடுவே சுவர் வைத்து ஆறு வீடுகள். தகரக் கூரை. முன்னால் நெடுகிலும் ஒரு தாழ்வாரம். அம்மாச்சியின் வீட்டை நானே நாடா பிடித்து அளந்தேன். அறை பத்தடிக்குப் பன்னிரண்டு அடி. பின்னால் அடுப்படி ஆறடிக்கு எட்டடி. ஒரு காலத்தில் அதற்குள் ஒன்பது பேர் இருந்திருக்கிறார்கள். ஆறு வீட்டுக்கும் ஒரே குழாய்.

ஏலக்காயைப் பாயசத்தில் மட்டும் கண்டவர்களுக்கு அதன் வேலை தெரியாது. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். ஆனால் காய் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரிலிருந்து சரம் சரமாகத் தரையோடு தரையாகப் படர்ந்து காய்க்கும். எடுப்பவள் குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க வேண்டும். ஒரு சரத்துக் காய் எல்லாம் ஒரே நாளில் முற்றுவதும் இல்லை. முற்றியதை எடுத்து, பிஞ்சை விட்டு, ஒரு மாதத்துக்கு மேல் கழித்து மறுபடி அதே செடிக்கு வர வேண்டும். மழையானால் தலையில் பிளாஸ்டிக் தாள், காலில் அட்டை. எடுத்த காயை ஸ்டோரில் சூடேற்றி வாட்டுவார்கள். நாலைந்து கிலோ பச்சைக்காய் வாடினால்தான் ஒரு கிலோ ஏலக்காய். அது போடியிலும் புத்தடியிலும் ஏலம் போய் உலகமெல்லாம் செல்கிறது.

அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கங்காணி செக்ரோலில் என்ன எழுதுகிறார் என்பது அவருக்குத் தெரியாத உலகம். ஆகவே அவர் ஒரு வழி கண்டார். வேலைக்குப் போன நாளுக்குச் சுவரில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி. அரைநாள் என்றால் ஒரு கோடு. சம்பளத்தன்று புள்ளியை எண்ணிக்கொண்டு போவார். கதவுக்குப் பின்னால், புகை படிந்து கறுத்த சுவரில், அந்தப் புள்ளிகள் வரிசை வரிசையாக இன்றும் இருக்கின்றன. அதற்குக் கீழே என் அம்மா முதன்முதலாக எழுதிப் பழகிய 'அ' இருக்கிறது. வால் தலைகீழாகச் சுழிந்த 'அ'.

சிறு வயதில் அந்தச் சுவரைப் பார்த்து அருவருத்திருக்கிறேன். "வெள்ளையடிச்சா என்ன அம்மாச்சி?" என்று கேட்டிருக்கிறேன். தரங்கம்பாடிக் கோட்டையில் பழைய ஆவணங்களைக் கண்ணாடிக்குள் கண்டபோது எனக்கு அந்தச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. கம்பெனியாரின் எழுத்து ஆவணம் என்றால், என் அம்மாச்சியின் புள்ளியும் ஆவணம்தானே? எழுதத் தெரியாதவர் வைத்த கணக்கு அது. ஏலமலையின் வரலாற்றை எழுத வருபவர்க்குத் தோட்டத்துப் புத்தகம் எவ்வளவு முக்கியமோ, அந்தச் சுவரும் அவ்வளவு முக்கியம்.

அந்த லயத்தை வரும் வைகாசியில் இடிக்கப் போகிறார்கள். அந்த இடத்தில் சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி வருகிறதாம். மேட்டில் இருக்கும் பழைய பங்களாவை மட்டும் இடிக்கவில்லை. பழமை மாறாமல் வண்ணம் பூசி, அதையும் விடுதியாக்கப் போகிறார்கள்.

அம்மா சொன்ன மறுப்பு

"அந்த லயத்தில் ஒரு வீட்டையாவது அப்படியே வைத்து, வருவோர்க்குக் காட்டினால் என்ன?" என்று வீட்டில் கேட்டேன். அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அதுல இருந்து வெளிய வரத்தானே நான் இம்புட்டுப் பாடுபட்டேன். நாங்க கெடந்த கெடைய நாலு பேருக்குக் காட்டணுமாக்கும்? போற எடத்துல போட்டோ பிடிச்சிட்டுப் போவாக. ஒனக்கு அது பெருமையா?"

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. நண்பர்களே, இந்த மறுப்பை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. லயம் அழகான பழமை அன்று. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. உறங்கிக் கொண்டிருந்த 70 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போன குடும்பத்தார். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு தர வேண்டும் என்று சொல்லிற்று. என்ன வீடு கிடைத்தது என்பதை அங்கே வாழ்ந்தவர்களே அறிவர். ஆகவே லயங்களை எல்லாம் காப்பாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. மனிதர் இருக்கத் தகாத வீட்டை இடிக்கத்தான் வேண்டும். அவர்களுக்கு நல்ல வீடு கட்டிக் கொடுக்கத்தான் வேண்டும்.

நான் கேட்பது வேறு. எல்லா லயமும் போன பின், 'அப்படி ஒன்று இருந்ததே இல்லை' என்று யாரேனும் சொன்னால் எதைக் காட்டி மறுப்பது? பங்களா மட்டும் நின்றால், ஏலமலையில் துரைமார் மட்டுமே வாழ்ந்ததாக நாளைய பிள்ளை நினைத்துக் கொள்ளாதா? அம்மா வெளியே வந்த கதவு எது என்று தெரியாவிட்டால், அவர் எவ்வளவு தூரம் வந்தார் என்பது எப்படித் தெரியும்?

அம்மாவின் பேச்சில் இருந்து நான் கற்றது ஒன்று உண்டு. அத்தகைய இல்லம் அமைந்தால், எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அதில் வாழ்ந்தவர்கள். அவர்களைக் கேட்காமல் வைக்கும் கண்ணாடிப் பெட்டி அவர்களை இன்னொரு முறை அவமதிப்பதாகும்.

பிற இடங்களில்

இது நடக்கக் கூடியதா என்று கேட்கலாம். நடந்திருக்கிறது. இலங்கையில் கம்பளைக்கு அருகே பாரதெக்க என்னுமிடத்தில், தேயிலைத் தோட்டத்துப் பழைய லயன் அறைகளிலேயே தோட்டத் தொழிலாளருக்கு 2007-இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். தொழிலாளர் புழங்கிய பாத்திரமும் விளக்கும் வேலைக்கருவியும் அங்கே இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போன மக்களின் பிள்ளைகள் அவர்கள். 1948-இல் குடியுரிமையையே இழந்தவர்கள். 'நாங்கள் இங்கே இருந்தோம், இந்த மலையை நாங்கள் ஆக்கினோம்' என்று சொல்ல அவர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் பங்களாவைத் தேடிப் போகவில்லை. லயன் அறையையே தேர்ந்தார்கள்.

நியூயார்க்கில் ஆர்ச்சர்டு தெருவில் 1863-இல் கட்டப்பட்ட ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்று உண்டு. பிழைப்புத் தேடிக் கப்பலில் வந்த ஏழைக் குடும்பங்கள் ஒண்டுக் குடித்தனமாக அதில் அடுத்தடுத்து வாழ்ந்தன. 1988-இல் அதற்கென ஓர் அருங்காட்சியகம் நிறுவப்பட்டது. எந்தத் தலைவரும் பிறந்த வீடன்று அது. தையல்காரர் குடும்பம் இருந்த அறை, கணவன் காணாமற்போன பின் ஒரு தாய் பிள்ளைகளோடு இருந்த அறை என்று, ஆவணங்களில் பெயர் தேடி, வாழ்ந்தவர்களைக் கொண்டே அறைகளைச் சொல்கிறார்கள்.

மூணாறு நல்லதண்ணியில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய இயந்திரங்களையும், மலை இரயில் ஓடிய காலத்து எச்சங்களையும் அங்கே காணலாம். நல்ல முயற்சி. இயந்திரம் இருக்கும் இடத்தில் அதை ஓட்டியவரின் அடுப்படியும் இருந்தால் இன்னும் நிறைவாக இருக்கும் என்பதே என் எண்ணம்.

பெரியவரின் வீட்டைக் காப்பதிலும் இந்தப் பார்வை பயன்படும். கலாம் அவர்களின் வீட்டையே எடுத்துக் கொள்ளுங்கள். சென்னையில் பொறியியல் படிக்கப் பணமில்லாதபோது அவருக்குத் தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தவர் அக்கா சோகரா. இதை அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவ்வீட்டுக்குப் போகிறவர்கள் ஏவுகணைப் படத்தின் முன் நிற்பதோடு, அந்த வளையலையும் ஒரு கணம் நினைத்துப் பார்த்தால் அந்த வீடு முழுமையாகப் புரியும். என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பேரின் கட்டணத்துக்குப் பின்னாலும் ஒரு வளையல் இருக்கிறது.

போடியில் என்ன செய்யலாம்

நம் ஊரில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று நாமே சொல்லிக் கொள்கிறோம். சுவரோவியங்கள் உள்ள ஜமீன் அரண்மனை இருக்கிறது. குரங்கணிக்குப் போகும் வழியில் கொட்டகுடி இருக்கிறது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியில் தேயிலைப் பெட்டிகள் இறங்கி வந்த இடம் அது. மேலே மூணாற்றிலிருந்து வந்த சிறு இரயில் 1924 வெள்ளத்தில் அழிந்தது. கீழே கம்பிவழியின் எச்சம் புதரில் கிடக்கிறது. அந்தப் பெட்டிகள் போடி வழியாகத்தான் வெளியுலகுக்குப் போயின. 1928-இல் நம் ஊருக்கு இரயில் வந்தது. 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நின்றது. 2023 ஜூனில் மீண்டும் வந்தது. இரயில் திரும்பி வந்த அன்று நிலையத்தில் எத்தனை கூட்டம்! நின்று போன ஒன்று திரும்பும்போது மக்கள் மகிழ்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? ஆனால் இடித்த சுவர் திரும்பி வராது.

ஏலக்காயால் பெயர் பெற்ற ஊர் நம் ஊர். ஏலத்தொழிலாளியின் ஒரு வீட்டை, மலையில் இயலாவிட்டால் அடிவாரத்திலாவது, அதே அளவில், அதே தகரத்தில், அதே கதவை வைத்து அமைக்கலாம். பக்கத்தில் பழைய ஸ்டோர் ஒன்றின் வாட்டும் அறை. இதற்கு அரசும், தோட்ட அதிபர்களும், வணிகர்களும் மனம் வைக்க வேண்டும். மாணவராகிய நம்மிடம் பணம் இல்லை. ஆனால் பணம் இல்லாமலே செய்யக் கூடிய ஒரு வேலை நமக்கு உண்டு.

எங்கள் துறையில் ஒரு செடியை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டும்போது, ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டுவோம். செடியின் பெயர், எடுத்த இடம், நாள், எடுத்தவர் பெயர். சீட்டு இல்லாத செடி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வுக்கு உதவாது. வீட்டுக்கும் இதே விதியை வைக்கலாம். நம் கல்லூரியில் மலையேறி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறோம். ஒவ்வொருவரும் தம் பாட்டி வீட்டை, அல்லது தெரிந்த ஒருவர் வீட்டை அளந்து, ஒரு தாளில் வரைந்து, அதில் யார் யார் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், என்ன வேலை செய்தார்கள் என்று எழுதினால் போதும். பெயரை எழுதலாமா என்று அவர்களிடமே கேட்டு எழுத வேண்டும். அந்தத் தாள்களை நம் கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டியில் வைத்துக் காக்க முதல்வர் அவர்கள் இசைவு தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக் கொள்கிறேன். என்றேனும் ஒரு நினைவு இல்லம் எழுமானால் அதன் முதல் செங்கல் அந்தப் பெட்டியாக இருக்கும்.

முதல் தாளை நான் எழுதிவிட்டேன். சென்ற மாதம் லயத்துக்குப் போய், கதவுக்குப் பின்னால் இருக்கும் சுவரை ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து வரைபடத் தாளில் எடுத்தேன். புகை மறைத்தவை போக, 1,146 புள்ளிகள், 83 கோடுகள். அம்மாச்சி தாழ்வாரத்தில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அந்தப் பொந்துல என்ன இருக்குன்னு தாயி இப்பிடி எண்ணிக்கிட்டு இருக்க?" என்று கேட்டார். எண்ணிக்கையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து வந்து, சுவரில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டி, "இந்தா, இதுல நாலு நாள் விட்டுப்போச்சு. ஒங்கம்மா பெறந்த நாலு நாள்" என்றார்.

அந்த நான்கு வெற்றிடங்களையும் தாளில் குறித்துக் கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வால் சுழிந்த 'அ'வை மட்டும் வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். "பேரு போடணும்னா முழுப் பேரா போடு" என்றார் பிறகு.

அடுத்த ஆண்டு முதலாண்டு மாணவர்கள் எழுந்து தம்மை அறிமுகம் செய்துகொள்ளும்போது, 'நான் லயத்தில் பிறந்தேன்' என்று ஒருவர் தயங்காமல் சொன்னால், எந்த இல்லமும் திறக்கும் முன்பே நம் வேலையில் பாதி முடிந்துவிட்டது என்று கொள்வேன். நான் அன்று சொல்லத் தவறியதை இந்த ஆண்டு மலரில் சொல்லிவிட்டேன்.